கழுவக் கூடாத சுவெட்டர்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், ஒரு குடும்பத்தின் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நின்றுவிடும். அதற்கு மேல் தகரம் வரை வெற்றிடம்தான். அந்த வழியாக இந்தப் பக்கத்து அடுப்புப் புகை அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கத்துக் கருவாட்டு வாசம் இந்தப் பக்கம் வரும். ஒரு வீட்டில் ஓடும் தொலைக்காட்சி நாடகத்தை அடுத்த வீட்டில் படமில்லாமல் கேட்கலாம். போன மாசியிலிருந்து இரண்டு குழந்தைகளின் அழுகையும் அந்த வழியாகப் போய்வந்தது.

ஒன்று என் மகள். மற்றவன் பக்கத்துக் காம்பராப் பையன். இரண்டு பேரும் டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரே வாரத்தில் பிறந்தார்கள். அவனுடைய அம்மாவும் நானும் அடுத்தடுத்த கட்டில்களில் கிடந்தோம். அவள் என்னைவிடப் பல வயது இளையவள், கொழுந்து எடுப்பவள். நான் திம்புள்ளப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, படித்து, கொழும்பில் ஒரு பத்திரிகையில் மற்றவர்கள் எழுதி அனுப்பும் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவள். கணவருக்கு இங்கே பாடசாலை ஒன்றில் ஆசிரியர் வேலை. பிள்ளை உண்டானதும் என் வேலையை விட்டுவிட்டு, அவர் பிறந்து வளர்ந்த இந்தக் காம்பராவுக்கு வந்தேன். வேலையை விட்டுவிட என்னால் முடிந்தது.

எங்களோடு என் கணவரின் அக்காவும் இருக்கிறார். எனக்கு மதினி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். இன்னும் கொழுந்துக்குப் போகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த என்னையும் பிள்ளையையும் குளிப்பாட்டி, பத்தியம் போட்டு, சாம்பிராணி பிடித்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அத்தனையையும் ஏசிக்கொண்டே செய்தார்.

அந்த முதல் மாதங்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு நினைவுக்கு வருவது ஈரத்துணிதான். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் இருக்காது, இடுப்பு விட்டுப்போகும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். துணி காயாது என்று யாரும் சொல்லவில்லை. வைகாசியில் மழை பிடித்தது. காலையில் கொடியில் போட்ட துணி மாலையில் எடுக்கும்போது போட்டதைவிட அதிகமாக நனைந்திருக்கும். ஆகவே எல்லாம் அடுப்புக்கு மேலே. கம்பி இழுத்துக் கட்டி, பிள்ளைத்துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, விறகை அணையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் மகளின் தலையை முகர்ந்தால் பால் வாசத்துக்கு முன்னால் புகை வாசம் வரும்.

"புள்ளய கருவாடாப் போட்டுக்கிட்டு இருக்கா பாரு" என்பார் மதினி, மலையிலிருந்து வந்து கூடையை இறக்கும்போதே.

பகலில் வெயில் எட்டிப் பார்க்கும் கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காம்பராக்காரியும் நானும் வாசற்படியில் உட்கார்ந்து பால் கொடுப்போம். அவளிடம் ஒரு மெரூன் நிறச் சுவெட்டர் இருந்தது. ஹட்டனில் பழைய கம்பளி உடுப்புகள் விற்கும் முஸ்லிம் முதலாளியின் கடையில் வாங்கியது. முன்பக்கம் பட்டன் வைத்தது. நடுவில் ஒரு பட்டன் விழுந்துபோய், அந்த இடத்தில் சட்டையிலிருந்து எடுத்த வெள்ளைப் பட்டன் ஒன்றைத் தைத்திருந்தாள். குளிருக்கு அதைத்தான் எப்போதும் போட்டிருப்பாள். பிள்ளை அழுதால் மேல் பட்டன்கள் இரண்டையும் கழற்றி அவனை உள்ளே இழுத்துக்கொள்வாள். வெளியில் பார்த்தால் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அவன் குடிக்கும்போது ஒரு கையால் அந்த வெள்ளைப் பட்டனைத் தேடிப் பிடித்துக்கொள்வான்.

ஆடியில் அவள் கொழும்புக்கு வேலைக்குப் போவதென்று முடிவானது. மேட்டில் அவர்களுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்திருந்தது. அதில் வீடு ஜன்னல் மட்டம் வரை எழும்பி நின்றது. சீமெந்து விலை ஏறிய பிறகு ஒரு கல்கூட அதற்கு மேல் வைக்கவில்லை. சுவருக்குள் புல் முளைத்து, யாரோ மாட்டைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று கொழும்பிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். தங்கித்தான் வேலை செய்ய வேண்டும். பிள்ளையைக் கொண்டுவரக் கூடாது.

அவள் புருஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். ஆண்களுக்கான அந்த வேலை மதியத்தோடு முடிந்துவிடும். காலையில் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடத்தில், விட்டால் மதியம் அவனே போய்த் தூக்கி வரலாம். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

போவதற்கு முன் பாலை வற்றவைக்க வேண்டும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பெண்களின் வழக்கம். இந்தக் குளிரில் மல்லிகை பூக்காது. ஹட்டன் கடைகளுக்குக் கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வரும். மதினிதான் போய் வாங்கி வந்தார். வீட்டில் விசேஷமா என்று பூக்காரர் கேட்டாராம். ஆமாம், விசேஷம்தான் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

அன்றும் மறுநாளும் சுவருக்கு மேலாக மல்லிகை வாசம் வந்துகொண்டே இருந்தது. கட்டிய பூவின் சூட்டில் மார்பு கல்லாக இறுகிவிட்டது என்றாள். தாங்க முடியாதபோது கொஞ்சம் கறந்துவிடுவாள். அந்தப் பாலைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்று மதினி சொன்னதால், கோடிப்புறத்துத் தேயிலைச் செடி ஒன்றின் அடியில் குனிந்து ஊற்றினாள். பிள்ளையை அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். தாயைக் கண்டால் குடிக்கக் கேட்பான் என்பதால் அவள் உள்ளே வரவில்லை. வாசலில், அவன் கண்ணில் படாத பக்கமாக நின்று, போத்தலில் குடித்தானா என்று கேட்டுவிட்டுப் போவாள்.

புறப்படும் நாள் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவன் எவ்வளவு அழுதாலும் நீங்க பால் குடுத்துறாதீங்க."

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"உங்ககிட்ட குடிச்சா உங்க வாசந்தான் அம்மா வாசம்னு அவனுக்கு ஆயிரும். நான் தீவாளிக்கு வர்றப்ப அவனுக்கு என்னைத் தெரியணுங்க்கா. அது போதும்."

கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். பிறகு சுவெட்டரைக் கழற்றிப் புருஷனிடம் கொடுத்தாள். பல நாளாக அதை அவள் கழுவாமலே போட்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை தூங்கும்போது தலைமாட்டில் போட்டுவிடச் சொன்னாள். எது அழுக்கானாலும் இதை மட்டும் கழுவக் கூடாது என்றாள். அவன் தலையாட்டினான். அவன் பொதுவாகவே அதிகம் பேசாதவன்.

அவள் போன பிறகு பையன் போத்தலைத் தொடவில்லை. ரப்பர் முனையை நாக்கால் வெளியே தள்ளினான். கரண்டியால் ஊட்டினால் கன்னத்தில் வழியவிட்டான். தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ் கோப்பையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், அதையும் தட்டிவிட்டான். எனக்கு நேர்ந்தது வேறு விதம். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழத் தொடங்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பால் சுரந்தது. என் மகள் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருப்பாள். எந்தப் பிள்ளையின் அழுகை என்று உடம்புக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சட்டையின் முன்பக்கம் நனைந்து, பிறகு குளிர்ந்துவிடும். துணியை மாற்றிக்கொண்டு, ஏதாவது வேலையில் இறங்குவேன். அழுகை நிற்காது.

ஒரு மதியம் அது சட்டென்று நின்றது. பயந்துபோய் வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் புருஷன் பலகைக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். மனைவியின் மெரூன் சுவெட்டரைப் போட்டிருந்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த தோள்களுக்கு அது போதவில்லை, தையல் இழுத்துக்கொண்டிருந்தது. மேல் பட்டன் இரண்டும் திறந்திருந்தன. அந்த இடத்தில் பையனின் முகத்தை அழுத்திவைத்து, சுவெட்டருக்கு உள்ளேயிருந்து போத்தலின் முனை மட்டும் வெளியே வரும்படி பிடித்திருந்தான். பையன் குடித்துக்கொண்டிருந்தான். கை வெள்ளைப் பட்டனில் இருந்தது.

என்னைக் கண்டதும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"வேற வழி தெரியலக்கா" என்றான்.

அதன் பிறகு அதுவே முறையானது. மதியம் பிள்ளைக்காம்பராவிலிருந்து தூக்கி வந்ததும் முகம் கழுவி, சுவெட்டரைப் போட்டுக்கொண்டு உட்காருவான். மாலையிலும் அப்படியே. பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்குச் சொன்னார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பெண்கள் அவனைச் சும்மா விடவில்லை. நாளைக்குக் கூடையும் எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்கு வருவீர்களா மாப்பிள்ளை என்று ஒருத்தி கேட்டாளாம். கூடை இருந்தால் கொடுங்கள், எடுத்தால் போச்சு என்று இவன் சொன்னானாம். மதினி வந்து இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "பாவி மட்டை" என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வீடியோவில் கூப்பிடுவாள். எங்கள் காம்பரா வாசலில்தான் சிக்னல் நிற்கும் என்பதால் அவன் பிள்ளையோடு இங்கே வருவான். பையன் போனைப் பிடுங்கி வாயில் வைத்துக் கடிக்கப் பார்ப்பான். திரை முழுக்க அவன் எச்சில். அங்கிருந்து அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள், நாக்கைத் தட்டுவாள், பாடுவாள். அவன் சத்தம் வரும் திசையைத் தேடி என் மகளைப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் முடிவில் அவள் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"தெரியுதா அவனுக்கு?"

ஒவ்வொரு முறையும் புருஷன் "தெரியுது" என்பான்.

புரட்டாசி வாக்கில் ஒருநாள் மழை திடீரென்று கொட்டியபோது, அவன் வெளியில் மாட்டியிருந்த சுவெட்டரை நான் எடுத்து உள்ளே வைத்தேன். கையில் இருந்ததால் முகர்ந்து பார்த்தேன். புளித்த பால்மா வாசம், வியர்வை, வெட்டிய தேயிலைக் கிளையின் பச்சை வாசம், பீடி. அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்து வந்த வாசம் அது. கழுத்துப் பக்கம், கைப்பக்கம் எல்லாம் தேடினேன். அது இல்லை.

தீபாவளி நெருங்கியது. முந்திய வெள்ளிக்கிழமையே வந்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். வியாழன் அன்று அவன் வேலைக்குப் போகாமல் நின்று, முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தான். கம்பளி, சாக்கு, தொட்டில் துணி எல்லாவற்றையும் பீலிக்குக் கொண்டுபோனான். மலையிலிருந்து குழாய் வழியாக எந்நேரமும் தண்ணீர் விழும் அந்த இடத்தில்தான் லயமே குளிப்பதும் துவைப்பதும். நான் பிள்ளைத்துணிகளோடு போய்ச் சேர்ந்தபோது சுவெட்டர் நுரைக்குள் இருந்தது. அவன் அதைக் கல்லில் அடிக்காமல், கையால் மெதுவாகக் கசக்கிக்கொண்டிருந்தான்.

நான் பார்த்தபடி நின்றதைக் கவனித்துவிட்டு அவனே சொன்னான்.

"நாளைக்கு அவளே வர்றால்லக்கா. இனி இது எதுக்கு? இந்த நாத்தத்தோட பாத்தா, நான் புள்ளய ஒழுங்காப் பாக்கலன்னு நெனப்பா."

அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் மூன்று தரம் கறுப்பாக ஓடியது. நான்காம் தரம் தெளிந்தது.

அன்று மாலை கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. அந்த வயதான அம்மாவுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட நிற்க ஆள் வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள்தான் விடுவார்கள் என்றாள். அவன் சரி சரி என்றான். சுவெட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அதைத் தொட்டுப் பார்த்தான். சொட்டிக்கொண்டிருந்தது.

கம்பளி உடுப்பு இந்த ஊரில் ஐப்பசியில் காயாது. கம்பியில் தொங்கியபடி சாம்பலில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டது. அவன் இரவும் பகலும் விறகு வைத்துப் பார்த்தான். மறுநாள் மதியம் ஈரத்தோடு போட்டுக்கொண்டு பையனை எடுத்தான். பையன் வழக்கம்போல் முகத்தைக் கொண்டுபோய் நெஞ்சில் தேய்த்தான். ஒரு தரம் தேய்த்தான், இன்னொரு தரம் தேய்த்தான். பட்டனைப் பிடித்தான். பிறகு தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அழத் தொடங்கினான். சவர்க்கார வாசமும் ஈரமும்தான் அங்கே இருந்தன.

எட்டு மாதப் பிள்ளைக்குச் சோறு கொடுக்கலாம். கொடுத்தார்கள். பருப்பும் சோறும் குழைத்து ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டான். போத்தலைக் காட்டினாலே உடம்பை வில்லாக வளைத்தான். சனிக்கிழமை மத்தியானத்தில் அழுகையின் சத்தம் குறைந்து, முனகலாகியிருந்தது. பலத்த அழுகையைவிட அதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது.

அவன் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான். நான் மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று, "அக்கா" என்றான். பையன் மட்டும் திரும்பி என் மகள் குடிப்பதைப் பார்த்தான்.

"குடுத்தாத்தான் என்னா?" என்றார் மதினி. "பச்சப் புள்ள பசிச்சுக் கெடக்கு. அவ கொழும்புல இருந்து வந்து கணக்கா கேக்கப் போறா?"

கொடுக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன் மதினி என்றேன். உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொதிநீரில் கழுவி, அதில் கறந்தேன். பாதி டம்ளர் வந்தது. அவன் எங்கள் படியில் உட்கார்ந்து கரண்டியால் ஊட்டினான். பையன் முதல் கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு டம்ளரையே இரண்டு கையாலும் பிடித்தான். அவனுடைய முகம் என் மேல் படவில்லை. திங்கள் வரை, நாளுக்கு மூன்று முறை, டம்ளர் அந்த வாசலுக்குப் போய் இந்த வாசலுக்கு வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் அவள் வந்தாள். படிகளில் ஓடி ஏறி வரும் சத்தம் கேட்டது. சுடிதார் போட்டிருந்தாள். கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். அவள் பக்கத்தில் வந்ததும் எனக்கே டெட்டோல் வாசம் அடித்தது. நோயாளியின் துணிகளைத் துவைத்துத் துவைத்து அவள் கையிலும் தலையிலும் அது ஊறியிருந்தது.

பையன் அவளைப் பார்த்தான். கீழுதடு பிதுங்கியது. பிறகு அலறிக்கொண்டு தகப்பனின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பத்திரிகையில் இருந்தபோது, தாயும் பிள்ளையும் பிரிந்து சேரும் செய்திகளில் "பாசப் போராட்டம்" என்று எழுதி வரும். நான் அதை வெட்டிவிடுவேன். இங்கே போராட்டம் எதுவும் நடக்கவில்லை. அவள் நீட்டிய கைகளை மெதுவாக இறக்கினாள். சாப்பிட்டானா என்று புருஷனிடம் கேட்டாள். சாப்பிட்டான் என்றான். உள்ளே போனாள். அடுப்புக்கு மேல் கம்பியில் சுவெட்டர் தொங்கியது. அதை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள்.

"கழுவிட்டீங்களா?"

"நீ வர்றன்னுதான்."

"நான் வரலயே."

சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மதினி கையிலிருந்த கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அவள் அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டு வெளியே வந்து, தகப்பன் மடியில் இருந்த பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். பையன் அழுகையை நிறுத்தினான். சுவெட்டரைப் பார்த்தான். கை நீட்டி வெள்ளைப் பட்டனைப் பிடித்தான். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். பட்டனைப் பிடித்தபடியே அவன் மெல்ல நிமிர்ந்து, சுவெட்டருக்கு மேலே இருக்கும் முகத்தைப் பார்த்தான். அவன் எதிர்பார்த்த முகம் அது அல்ல. பட்டனை விட்டுவிட்டுத் திரும்பி, பின்னாலிருந்த தகப்பனைத் தேடினான்.

மறுநாள் தீபாவளி. எண்ணெய் வைத்து முழுகி எல்லோரும் புதுத்துணி உடுத்தினார்கள். அவளும் கொழும்பு வீட்டில் கொடுத்த புதுச் சேலையைக் கட்டினாள். அதற்கு மேல் அதே சுவெட்டர். வெடிச் சத்தத்துக்கு இரண்டு பிள்ளைகளும் மாறி மாறி அழுதன. அவள் அடுப்பில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது.

"கொழும்பு வெயில்ல கெடந்தவளுக்குக் குளிர் தாங்கலயாக்கும்" என்றார் மதினி. "புதுச் சேலைக்கு மேல கந்தல மாட்டிக்கிட்டு நிக்கிறா. தீவாளியா, கொழுந்து மலையா?"

"குளிருதுக்கா" என்று மட்டும் சொன்னாள். கொதித்துக்கொண்டிருந்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து நகரவில்லை.

பின்னேரம் பீலிக்கரையில் அவளும் நானும் தனியாக இருந்தோம். சட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்.

"குடுத்தீங்களாக்கா?"

"இல்ல. டம்ளர்ல கறந்து குடுத்தேன். தம்பிதான் ஊட்டுச்சு."

கொஞ்ச நேரம் சட்டியைத் தேய்த்தாள். அது பரவாயில்லை என்றாள். பிறகு, "நல்லா குடிச்சானா?" என்று கேட்டாள். குடித்தான் என்றேன். சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். சுவெட்டரின் கைகளை நனையாமல் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருந்ததைக் கவனித்தேன்.

அன்று இரவும் அவள் அதைக் கழற்றவில்லை. மூன்றாம் நாள் காலை விறகு எடுக்க மேட்டுக்குப் போனாள். தலைச்சுமையோடு சுவெட்டரில்தான் வந்தாள். பையன் அதற்குள், தகப்பன் கண்ணெதிரில் நின்றால் அவள் இடுப்பில் இருக்கப் பழகியிருந்தான். அவன் உள்ளே போனால் அழுதான். அவள் கழுத்தில் மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்தான் என்று அவள் என்னிடம் வந்து சொன்னாள். நான் பார்க்கவில்லை. முகர்ந்திருப்பான்.

அன்று பகல் பஸ்ஸுக்கு அவள் புறப்பட்டாள். பையை வாசலில் வைத்தாள். லயத்தில் இருந்தவர்கள் வழியனுப்ப வெளியே வந்து நின்றார்கள். அப்போதுதான் அவள் சுவெட்டரைக் கழற்றினாள். உள்ளே சேலைச் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. கழற்றிய சூட்டோடு அதைப் புருஷனுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள். அவன் பிள்ளையை மதினியிடம் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையை நுழைத்தான். ஒரு கை, பிறகு மறு கை. அவள் கீழிருந்து ஒவ்வொரு பட்டனாகப் போட்டுவந்தாள். வெள்ளைப் பட்டனைப் போட்டாள். மேல் இரண்டையும் போடாமல் விட்டாள். அவை எப்படியும் சேரா. பெரட்டுக் களத்தில் அவனைக் கேலி செய்தவர்களில் மூன்று பேர் அங்கே நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"தைப்பொங்கலுக்கு வர்றேன்" என்றாள்.

"கழுவ மாட்டேன்" என்றான்.

மதினி பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விட்டார். அவள் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். தூக்கவில்லை. படிகளில் இறங்கி வளைவு வரை போனாள். வளைவில் நின்று, பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுபனி வந்து அந்த இடத்தை மறைத்தபோது அவள் நிற்கிறாளா போய்விட்டாளா என்று தெரியவில்லை. கொஞ்சம் கழித்து பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது.

மாலையில் பால் நேரம் வந்தது. நான் டம்ளரைக் கொதிநீரில் கழுவி, துடைத்து, தயாராக வைத்திருந்தேன். அந்தப் பக்கம் பலகைக்கட்டை இழுபடும் சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவன் குடிக்கிறான் என்பது போத்தலுக்குள் காற்று போகும் சத்தத்தில் தெரிந்தது. யாருடைய வாசத்தில் குடித்தான் என்று எனக்குத் தெரியாது.

என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கு வழக்கம்போல எனக்குப் பால் சுரந்து சட்டை நனைந்தது. மாற்றிக்கொண்டு, நனைந்ததை அலசி அடுப்புக்கு மேல் கம்பியில் போட்டேன்.